சின்னாற்றில் குஞ்சு தேடிய பிலோமினா அக்கா

பிலோமினா அக்கா காலமாகிவிட்டார் என்ற செய்தியை நான் முதலில் நம்பவில்லை. தை மாதத்தின் தொடக்கத்தில் ஒரு காலை, வயல் வரம்பில் நின்றுகொண்டிருந்தேன். ஆசுப்பத்திரியில் வேலை செய்கிற எங்கள் ஊர்த் தங்கராசா வீதியில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"செயலாளர், பிலோமினாக்கா மோசம் போட்டா."

"ஆர் சொன்னது?"

"நான் பக்கத்திலை நிண்டனான்."

"வடிவாத் தெரியுமோ? முந்தநாள் எழும்பி இருந்து கஞ்சி குடிச்சவா எல்லோ?"

தங்கராசா என்னைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். நான் கேட்டது பிழைதான். ஆனால் கடந்த பத்து வருடமாக எங்கள் பக்கத்தில் எந்தச் செய்தி வந்தாலும் அதை யார் சொன்னது, ஏன் சொன்னது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டே பழகிவிட்டோம். இறந்துபோன செய்தியைக்கூட அப்படித்தான் வாங்குகிறோம். இந்தப் பழக்கம் பிலோமினா அக்காவுக்கு என்ன செய்தது என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்க மீனவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். கணவர் ஒரு சோளகக் காற்றில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. அதன்பின் யாழ்ப்பாணத்தில், மீன்களைப் பற்றி ஆராய்கிற ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். போத்தல் கழுவுகிற வேலை. கழுவிக் கழுவி, போத்தலுக்குள் இருந்ததையும் பார்க்கத் தொடங்கிவிட்டார். அரிசிமணி அளவில் இருக்கும்போதே இது கொடுவாக் குஞ்சு, இது திரளிக் குஞ்சு என்று பிரித்துச் சொல்ல அவரால் முடிந்தது. படித்தவர்களே அவரைக் கூப்பிட்டுக் காட்டிக் கேட்பார்களாம். தொண்ணூறில் சண்டை மறுபடி மூண்டு ஆய்வுகூடத்தைப் பூட்டியபோது ஊருக்குத் திரும்பி, தம்பி அருளப்புவின் வளவில் ஒரு சிறு வீட்டில் தங்கினார். அருளப்பு நந்திக்கடல் என்னும் கடலேரியில் இறால் பிடிக்கிறவர். உலகத்தில் அக்காவுக்கு இருந்த ஒரே கூடப்பிறந்த உறவு அவர்தான்.

நான் தண்ணீரூற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, சின்னாற்றங்கரையில் வயல் செய்கிறவன். பெயர் சிவபாதம். என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்தவர். எங்கள் கமக்காரர் சங்கத்துக்கு நெடுங்காலம் செயலாளராக இருந்தேன். சின்னாறு என்று நாங்கள் சொல்வது, குளம் நிரம்பி வான் பாய்கிற தண்ணீரும் வயல் கழிவுத் தண்ணீரும் சேர்ந்து நந்திக்கடலில் போய் விழுகிற ஒரு சிற்றாறு. கோடையில் கடலேரியின் உவர்த் தண்ணீர் மேலே ஏறிவிடாமல் இருக்க, ஆற்றின் கீழ்ப்பகுதியில் குறுக்கே ஒரு மண்மறிப்புப் போட்டிருந்தோம். கரையில் நின்ற மரங்களையும் எங்கள் ஆட்களே வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் ஆளுக்கு இரண்டு வரம்பு வயல் கூடுதலாகக் கிடைத்தது.

அவரை முதலில் கண்டது தொண்ணூற்றொன்று மாரியில். மறிப்புக்குக் கீழே, முழங்கால் தண்ணீரில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் நின்றார். கையில், படுக்கைக்குக் கட்டுகிற பழைய நுளம்பு வலைத் துண்டு ஒன்றை இரண்டு தடிகளில் கட்டிப் பிடித்திருந்தார். அதைத் தண்ணீருக்குள் அமிழ்த்தித் தூக்குவார், குனிந்து பார்ப்பார், தடியை ஊன்றி ஆழம் பார்ப்பார், பிறகு இடுப்பில் செருகியிருந்த கொப்பியை எடுத்து ஏதோ எழுதுவார். கரையில், பார்த்த இடங்களுக்கு நேரே, சிவப்புத் துணி கட்டிய தடிகள் வரிசையாக நின்றன. என்னோடு பக்கத்து வயல்காரர் இராசையாவும் நின்றார்.

"என்ன பாக்கிறியள்?" என்று கேட்டேன்.

"குஞ்சு பாக்கிறன்."

"என்னத்தின்ரை குஞ்சு?"

"கொடுவா, திரளி. இறாலும் கிடக்கு."

"கடல் மீனுக்கு எங்கடை வயலுக்குள்ளை என்ன வேலை?"

"வளர வருது. தாய் மீன் கீழை உப்புத் தண்ணியிலை முட்டை விடும். குஞ்சு நல்ல தண்ணி தேடி மேலை ஏறும். பெலத்த பிறகு தானாத் திரும்பிப் போகும். இப்ப ஏற ஏலாமல் உந்த மறிப்பிலை முட்டிக்கொண்டு நிக்குது. நிழலும் இல்லை, பதுங்க வேரும் இல்லை. கொக்கு வந்து பொறுக்கித் தின்னுது."

இராசையா என் காதுக்குள், "மனுசி காணி அளக்க வந்திருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மீன்குஞ்சு பார்க்க யாராவது சிவப்புத் துணி கட்டுவார்களா?

அந்த வருடமே அவர் எங்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்து, பேசப் பத்து நிமிடம் கேட்டார். ஒரு ஜாம் போத்தலில் ஆற்றுத் தண்ணீரையும் குஞ்சுகளையும் கொண்டுவந்திருந்தார். போத்தல் கைக்குக் கை மாறியது. ஒருவர் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நுளம்புக் குஞ்செல்லோ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடியும்வரை அக்கா காத்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு கரையிலும் பத்தடி விடுங்கோ. நிக்கிற மரத்தை வெட்டாதையுங்கோ. வெட்டின இடத்திலை நானே நடுறன். மற்றது, மாரி துவங்கேக்கை மறிப்பிலை குஞ்சு ஏற ஒரு வழி விடுங்கோ. அவ்வளவுதான்."

நான் எழும்பிக் கேட்டேன். "இண்டைக்குப் பத்தடி. நாளைக்கு?"

"நாளைக்கும் பத்தடிதான், செயலாளர்."

கூட்டம் மறுபடி சிரித்தது, இந்த முறை என்னைப் பார்த்து. அதை நான் மறக்கவில்லை. சங்கம் அவருடைய வேண்டுகோளை ஏற்கவில்லை என்று நானே கூட்டக் குறிப்பில் எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் அவரைப்பற்றி உலாவிய கதைகள் பல. மீனவர்களுக்குக் குடியிருப்புக் காணி எடுக்க அடி போடுகிறார் என்றார்கள். உவரை ஏற்றி எங்கள் வயல்களைக் கெடுத்துவிட்டு, இறால் பண்ணை போட யாரோ வரப்போகிறார்கள் என்றார்கள். அவருடைய ஊரிலும் நிலைமை நல்லதாக இல்லை. கமக்காரரோடு சேர்ந்து தொழிலைக் கெடுக்கப் பார்க்கிறார் என்று அங்கே கதை. சின்னாறு கடலேரியில் விழுகிற வாயில், அருளப்பு சின்னக்கண் வலையைக் குறுக்கே கட்டி, வருகிற குஞ்செல்லாவற்றையும் வாரிக்கொண்டிருந்தார். அக்கா ஒருநாள் தம்பியின் வலைத் தடிகளைத் தானே பிடுங்கிக் கரையில் போட்டார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கச் சண்டை நடந்தது. "உன்னைப் பிடிச்சு அடைச்சு வைச்சாத்தான் சரிவருவாய்" என்று அருளப்பு கத்தினாராம். கோபத்தில் சொன்ன வார்த்தை.

அது நடந்து இரண்டு கிழமை இருக்காது. தொண்ணூற்றுமூன்று மாரி. மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்த பிறகு, ஒரு காலையில் போய்ப் பார்த்தால் மறிப்பு உடைந்து கிடந்தது. கடலில் நல்ல காற்று. உவர்த் தண்ணீர் ஆற்றில் மேலே ஏறி இராசையாவின் வயலுக்குள் நின்றது. கதிர் தள்ள இருந்த குடலைப் பருவத்துப் பயிர் சில நாட்களில் மஞ்சளாகிச் சாய்ந்தது. இராசையா வரம்பில் குந்தியிருந்து அழுதார். யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்றே நினைத்தோம். மறிப்பில் வழி விடச் சொல்லிக் கேட்டவர் ஒருவர்தானே?

அவர் அழுததற்கு அடுத்த நாள் மத்தியானம் சங்கக் கட்டடத்தில் தனியே இருந்து நான் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். அப்போது எங்கள் பகுதியில் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று விளக்கத் தேவையில்லை. கடிதம் இயக்கத்துக்கு. பிலோமினா என்னும் பெண் ஆற்றின் ஆழத்தை இடத்துக்கிடம் அளந்து குறித்து வருகிறார். கரையில் அடையாளத் தடிகள் நடுகிறார். அவருடைய கணவரின் தம்பி கொழும்பில் இருக்கிறார், கடிதப் போக்குவரத்து உண்டு. இவற்றை ஆராய்வது தங்கள் பொறுப்பு. இவ்வளவுதான் எழுதினேன். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆற்றின் ஆழத்தை ஒருவர் அளக்கிறார் என்றால், அதை இராணுவம் கடப்பதற்கு வழி பார்க்கிறார் என்று வாசிக்கிறவர்கள் தாங்களே விளங்கிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். கடிதத்தில் பெயர் போடவில்லை. இன்றைக்கு இதை என் பெயரில் எழுதுகிறேன்.

நாலாம் நாள் அவரைக் கொண்டுபோனார்கள். கொப்பியையும் கொண்டுபோனார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அவரைப்பற்றித் தகவல் இல்லை.

அந்த மாதத்தில் ஒருநாள், என் மனைவியின் தம்பி கதிரேசு எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னான்.

"அத்தான், அண்டைக்கு என்ரை வயலுக்குள்ளை தண்ணி முட்டி நிண்டது. பயிர் அழுகப்போகுது எண்டு மறிப்பிலை ரெண்டு வெட்டு வெட்டி விட்டனான். திரும்பக் கட்ட மறந்துபோனன்."

"ஏன்டா சொல்லேல்லை?"

"நீங்கள்தானே எல்லாரும் அந்த மனுசி எண்டு சொன்னனீங்கள்."

சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன். போய் உண்மையைச் சொல்லலாம் என்று சட்டையும் போட்டேன். வாசல் படலைவரை போனேன். கடிதம் பிழை என்று சொன்னால், எழுதினது நீயா என்று கேட்பார்கள். ஏன் எழுதினாய் என்று கேட்பார்கள். உன்னை எழுதச் சொன்னது யார் என்றும் கேட்பார்கள். திரும்பி வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். கதிரேசுவிடம், "இதை வேறை ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றேன்.

தை பிறந்து அவரை விட்டார்கள். நன்றாக மெலிந்திருந்தார். வந்த இரண்டாம் நாளே ஆற்றில் நின்றார். கொப்பி இல்லை. ஆளைக் கண்டும் காணாததுபோலப் போகப் பார்த்தேன். அவர்தான் கூப்பிட்டார்.

"செயலாளர், ஓடாதையுங்கோ. அந்தப் பிள்ளையள் எனக்கு அடி உதை ஒண்டும் செய்யேல்லை. திருப்பித் திருப்பி ஒரே கேள்வி. குஞ்செண்டா என்ன, குஞ்செண்டா என்ன எண்டு. கடைசியா ஒருத்தன் வந்து என்னோட ஆத்திலை இறங்கிப் பாத்திட்டுத்தான் விட்டவை." குனிந்து கையைத் தண்ணீரில் அலம்பினார். "கடிதத்தை வாசிச்சுக் காட்டினவை. நல்ல தமிழ். ஒரு பிழை இல்லை."

அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிழையில்லாமல் கடிதம் எழுதுகிறவர்கள் நாலைந்து பேர்தான். தெரிந்துகொண்டுதான் சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா? முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"உங்கடை கரையிலை பத்தடி தருவியளோ?" என்று அடுத்த மூச்சில் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

சின்னாற்றங்கரையில் முதலில் இடம் விட்ட கமக்காரன் நான்தான் என்று பலர் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். அது பெருந்தன்மை அல்ல. பயம். என் வாயை அடைக்க அவர் கேட்கிறார், அவருடைய வாயை அடைக்க நான் கொடுக்கிறேன் என்றே நினைத்தேன். பிறகு இராசையாவின் கரையையும் நானே பேசி வாங்கிக் கொடுத்தேன். கதிரேசுவை அதட்டி வாங்கினேன். அவர் நன்றி சொல்லும்போதெல்லாம் அதற்குள் ஓர் ஊசி இருக்கிறதா என்று தேடுவேன்.

உவர் ஏறுகிற கீழ்ப்பகுதியில் கண்டல் காய்களைச் சேற்றில் குத்தி நட்டார். மேலே, நல்ல தண்ணீர்ப் பகுதியில் மருதங்கன்று. கன்றுகளைப் பால்மா ரின் தகரங்களில் வளர்த்துச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவார். கரைந்துபோன கரைகளில் தடிகளை நெருக்கி அடித்து, இடையில் நாணலைப் பதித்தார். முதல் வருடம் மாடு தின்றது. இரண்டாம் வருடம் வெள்ளம் பாதியைக் கொண்டுபோனது. "பாதி நிக்குதெல்லோ" என்பார்.

அந்தக் காலத்தில் அவர் தம்பியின் வளவை விட்டு வெளியேறி, கோயில் காணியில் ஒரு கொட்டிலுக்குப் போனார். அருளப்புவோடு கதை பேச்சு இல்லை. வலைச் சண்டையால் வந்தது என்று நாங்கள் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தொண்ணூற்றைந்தின் கடைசியிலும் அடுத்த வருடத்திலும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் வெள்ளமாக வந்தது. ஆற்றங்கரை முழுவதும் தறப்பாள் கொட்டில்கள். அடுப்புக்கு விறகு வேண்டும், கொட்டிலுக்குத் தடி வேண்டும். கையில் கத்தி இருக்கிறவனிடம் மரத்தை வெட்டாதே என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அக்கா சொல்லவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால், ஒரு மருதங்கன்றில் அந்தோனியார் பதக்கம் தொங்கியது. அடுத்த கன்றில் அம்மன் கோயில் மஞ்சள் துணியும் குங்குமமும். அதற்கடுத்ததில் மறுபடி அந்தோனியார்.

"என்னக்கா இது? வற்றாப்பளை அம்மாளாச்சியோட விளையாடுறியளோ?" என்று கேட்டேன்.

"விளையாட்டில்லை. வேண்டிக்கொண்டுதான் கட்டினனான். ரெண்டு பேருக்கும் நானே பதில் சொல்லுறன்."

அதோடு விடவில்லை. கொட்டில்களில் இருந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு தானே காட்டுக்குள் போய், பட்ட விறகு கிடக்கிற இடங்களைக் காட்டிக் கொடுத்தார். தூரம்தான். ஆனால் அவரும் தலையில் சுமந்துகொண்டு வந்தார். கன்றுகள் பெரும்பாலும் தப்பின. எங்கிருந்தோ வந்த ஒருவர் மட்டும் என்னிடம் வந்து, "அந்த அம்மா ஆர்? எதுக்கு இப்பிடிப் பாடுபடுறா? பின்னாலை ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். முன்பு நான் கேட்ட கேள்வி. பதில் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

திரும்பக் கட்டிய மறிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதைத் திறக்க எங்கள் ஆட்கள் சாகும்வரை சம்மதிக்கமாட்டார்கள். அக்காவுக்கும் அது தெரியும். "உவர் ஏறக்கூடாது. குஞ்சு ஏறவேணும். ரெண்டுக்கும் வழி பாப்பம்" என்றார். மறிப்பின் ஒரு பக்கத்தில், மேலிருந்து நல்ல தண்ணீர் வழிந்து இறங்க, படிப்படியாக ஒரு சரிவு கட்டவேண்டும் என்பது அவருடைய யோசனை. மேல் விளிம்பு, கடலேரி எவ்வளவு பெருகினாலும் எட்டாத உயரத்தில் இருக்கும். குஞ்சு ஒவ்வொரு படியிலும் ஆறி ஆறி ஏறும். சீமெந்து அப்போது கண்ணாலும் காணக் கிடையாது. பனங்குற்றியும் கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டினோம். உரப்பைகளில் மண் நிரப்பி அண்டை கொடுத்தோம். இரண்டு தரம் சரிந்தது, மூன்றாம் தரம் நின்றது.

சங்கத்தில் ஒரு நிபந்தனை போட்டார்கள். உவர் ஒரு சொட்டு மேலே வந்தாலும் அன்றைக்கே உடைத்துவிடுவோம். அக்கா ஒத்துக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, "காலமையிலை நீங்களே வந்து மறிப்புக்கு மேலை தண்ணியை நாக்கிலை வைச்சுப் பாருங்கோ. நீங்கள் என்னை நம்பவேண்டாம். உங்கடை நாக்கை நம்புங்கோ" என்றார்.

இரண்டு மாரி முழுக்க ஒவ்வொரு காலையும் போய்க் குனிந்து தண்ணீரை அள்ளி வாயில் வைத்தேன். சேறு துவர்த்தது, இலை கசந்தது. உப்புக் கரிக்கவில்லை.

இரண்டாவது மாரியில் மறிப்புக்கு மேலே, மருத வேர்களுக்கு இடையில், அவர் நுளம்பு வலையைத் தூக்கி எனக்குக் காட்டினார். கண்ணாடிபோல ஏழெட்டுக் குஞ்சுகள் துள்ளின. கீழே கடலேரியிலும் இறால் பரவாயில்லை என்று கதை வரத் தொடங்கியது. நான் மகிழ்ச்சியோடு சொன்னபோது அவர் தலையாட்டவில்லை.

"ரெண்டு வருசம் மழை நல்லது. அதாலையும் இருக்கலாம். இன்னும் நாலைஞ்சு வருசம் பாக்கவேணும்."

"நீங்களே நம்பாட்டி ஆர் நம்புறது?"

"சந்தேகப்படுறது பிழையில்லை, செயலாளர். இறங்கிப் பாக்காமல் சந்தேகப்படுறதுதான் பிழை."

இப்படி ஒன்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அன்றைய நாள் கெட்டுப்போகும்.

போன மார்கழியில் அவருக்கு மலேரியா வந்தது. அது முதல் முறை அல்ல. இந்த முறை விடவில்லை. ஆசுப்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்து இருந்தார். கண் மஞ்சளாக இருந்தது. கொண்டுபோன தோடம்பழத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு சொன்னார்.

"செயலாளர், எல்லாரும் முகத்தைத் திருப்பேக்கை முதல் கரை தந்தது நீங்கள். அதுக்காக உங்களுக்கு ஒவ்வொரு நாளும் செபம் சொல்லுறனான்."

அதில் ஊசி இல்லை. இவ்வளவு காலமும் தேடினேனே, இல்லவே இல்லை. அப்போதுதான் விளங்கியது, அவருக்கு ஒன்றும் தெரியாது.

"அக்கா, அந்தக் கடிதம் நான் எழுதினது" என்றேன்.

"எந்தக் கடிதம்?"

"உங்களைப் பிடிச்சுக்கொண்டு போன கடிதம்."

என்னையே பார்த்தார். "நீங்களோ?"

"ஓம்."

"அருளப்பு இல்லையோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் எழும்பி நிமிர்ந்து இருந்தார்.

"கொழும்புக் கதை உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அது எங்கடை வீட்டுக் கதை. எங்கடை வீட்டாக்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

"அருளப்பு மீன் கொண்டு வரேக்கை சொன்னவர். சும்மா, கதையோட கதையா."

தோடம்பழம் கட்டிலில் உருண்டு கீழே விழுந்தது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அவன் ஆரையோ பிடிச்சு எழுதுவிச்சவன் எண்டு நினைச்சன். அடைச்சு வைக்கவேணும் எண்டு அவன்தானே கத்தினவன். ஏழு வருசம், செயலாளர். அவன்ரை மகளின்ரை கலியாணத்துக்கும் நான் போகேல்லை. கோயில் வாசல்லை நிண்டு கூப்பிட்டவன். நான் திரும்பிப் பாக்கேல்லை."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் ஏதோ சொன்னேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதைப் பிறகு பாப்பம். இப்ப சைக்கிளை எடுங்கோ. போய் அவனிட்டைச் சொல்லுங்கோ. நீங்களே சொல்லுங்கோ."

அருளப்பு கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வலை ஊசியைக் கீழே வைத்தார்.

"இதுக்கோ அக்கா என்னோட கதைக்காமல் விட்டவா? நான் அந்த வலைக்கெண்டெல்லோ நினைச்சன். வலையை எப்பவோ கழட்டி எறிஞ்சிட்டன். அப்பவும் கதைக்கேல்லை."

அவருடைய சைக்கிளுக்கு ரயர் இல்லை. என்னுடைய சைக்கிளின் பின் கரியரில் ஏறி இருந்தார். ஆசுப்பத்திரிவரை நல்ல தூரம். அவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை. என் முதுகை அவர் பார்த்துக்கொண்டு வருகிறார் என்பது மட்டும் தெரிந்தது. மிதித்தேன்.

நான் உள்ளே போகவில்லை. யன்னலுக்கு வெளியே நின்றேன். "தம்பி" என்று அக்காவின் குரல் கேட்டது. அதற்குப் பிறகு அங்கே நிற்பது சரியில்லை என்று விலகிவிட்டேன்.

அவர்களுக்குப் பதினொரு நாள் கிடைத்தது. அருளப்பு கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டார். மகளும் பேரக்குழந்தையும் வந்துபோனார்கள். இடையில் ஒரு முறை காய்ச்சல் தணிந்து, எழும்பி இருந்து கஞ்சி குடித்தார். அன்றைக்குத்தான் நான் கடைசியாகப் போனேன். என்னைக் கண்டதும், "மழை பெலத்துப் பெய்துது. படிக்கட்டிலை கல்லுச் சரிஞ்சிருக்கும், போய்ப் பாருங்கோ" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அது மன்னிப்பா, இல்லை வேலை சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுத் தெளிய இனி வழியும் இல்லை. போய்ப் பார்த்தேன். இரண்டு கல் சரிந்துதான் இருந்தது. எடுத்து வைத்தேன்.

மறுநாள் காய்ச்சல் திரும்பவும் ஏறியது. அதற்கடுத்த காலை தங்கராசா சைக்கிளில் வந்தார்.

அடக்கத்துக்கு எங்கள் கமக்காரர் பலர் வந்தார்கள். கடற்கரைச் சேமக்காலைக்கு அவர்களில் பலர் அன்றுதான் முதன்முதலாக வந்திருப்பார்கள். மணல் தோண்டுகிற இடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒதுங்கி நின்றார்கள். திரும்பி வரும்போது ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார், "இனி அந்த மரமெல்லாம் ஆருக்குச் சொந்தம்?" எங்கள் குணம் அவ்வளவு லேசில் போகாது.

மூன்றாம் நாள் அருளப்பு சின்னாற்றுக்கு வந்தார். அக்கா இத்தனை வருடம் நின்ற இடத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. மறிப்பைத் தாண்டி நான் முன்னே நடக்க, பின்னால் வந்தார். மருதமரங்கள் இப்போது ஆளைவிட உயரம். இரண்டு கரையிலும் கிளைகள் நீண்டு தண்ணீரில் நிழல் விழுந்திருந்தது.

"அக்கா எதிலை நிப்பா?" என்று கேட்டார்.

காட்டினேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வேர்ப் பக்கமாகக் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்துத் தண்ணீரில் அமிழ்த்தி அசையாமல் வைத்திருந்தார். மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கொடுவா பிடித்தவர் அவர்.

"இவ்வளவு சின்னனிலையோ இவ்வளவு தூரம் ஏறி வருது" என்றார்.

தண்ணீரை விட்டார். மறுபடி குனிந்தார். நான் கரையில் நின்றேன். சைக்கிளில் அவரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோன அந்த நாளிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. இப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஏன் அதிலை நிக்கிறீர்? இறங்கி வாரும்."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது. ஆற்றுக்குள் நாங்கள் இருவர் நிற்கிறோம், அக்கா. நீங்கள் போய் வாருங்கள்.